பாறை, கண்மாய், வீடு

(புதுக்கோட்டை வட்டார வாசகர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வெளியூரிலிருந்து விருந்தாளி ஒருவர் வந்து, "உங்கள் பக்கம் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டால் நாம் எல்லோரும் ஒன்றையே செய்கிறோம். காலையில் ஒரு வண்டி பிடிக்கிறோம். சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை என்று காட்டிவிட்டு, நேரம் இருந்தால் கொடும்பாளூரையும் சேர்த்துக்கொள்கிறோம். மறுநாள் திருமயம் கோட்டை. அவரும் மகிழ்ச்சியாகப் படம் பிடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறார். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வண்டி ஒரு சின்னத்தை விட்டு அடுத்த சின்னத்துக்குப் போகிற அந்த அரைமணி நேரம், சன்னலுக்கு வெளியே கண்மாய்க்கரை போகிறது, பனை வரிசை போகிறது, செம்மண் பொட்டல் போகிறது, ஓட்டு வீடுகள் போகின்றன. அதை மட்டும் நாம் காட்டுவதில்லை. விருந்தாளி அந்த நேரத்தில் தூங்கினாலும் எழுப்புவதில்லை.

இன்று உங்களிடம் நான் பேச வந்திருப்பது அந்த அரைமணி நேரத்தைப் பற்றித்தான். அன்னவாசல் வட்டாரத்தில் ஒரு ஓட்டு வீடு இருக்கிறது. எங்கள் அய்யா கட்டியது. அதில் கல்வெட்டு கிடையாது, ஓவியம் கிடையாது, எந்த அரசனும் அங்கே தங்கியதில்லை. ஆனால் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் சுற்றியிருக்கிற இத்தனை சின்னங்களும் ஏன் அங்கங்கே இருக்கின்றன என்பது புரிகிறது. வண்டியில் போனால் அது புரிவதில்லை. குகையும் கோயிலும் கோட்டையும் தனித்தனிச் சின்னங்களாக இருக்கலாம். அவற்றை இணைத்து வைத்திருப்பது பாறையிலிருந்து இறங்கும் தண்ணீர். அந்தத் தண்ணீர் வந்து சேரும் கடைசி இடம் வீடு. இதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் நிலம். தஞ்சாவூர்க்காரருக்குக் காவிரி இருக்கிறது, மதுரைக்காரருக்கு வைகை இருக்கிறது. நம் மாவட்டத்தின் நடுவே தெற்கு வெள்ளாறு ஓடுகிறது என்று வரைபடம் சொல்லும். ஆண்டின் பெரும்பகுதி அதில் மணல்தான் கிடக்கும். காவிரித் தண்ணீர் கல்லணைக் கால்வாய் வழியாக அறந்தாங்கிப் பக்கம் வந்தது 1934-க்குப் பிறகு. அதுவும் அன்னவாசல், இலுப்பூர் மேட்டு நிலத்துக்கு எட்டாது. ஆண்டுக்கு ஏறக்குறைய 900 மில்லிமீட்டர் மழை. அது எல்லா மாதமும் பெய்வதில்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்வதைப் பிடித்து வைத்துக்கொண்டால் உண்டு, விட்டால் இல்லை.

பிடித்து வைப்பதற்கு இயற்கை ஒரு வழி செய்திருக்கிறது. மொட்டைப் பாறைகள். நார்த்தாமலையைச் சுற்றி மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை என்று அடுத்தடுத்து நிற்கின்றன. சித்தன்னவாசல் ஒன்று, குடுமியான்மலை ஒன்று. பாறையில் விழுகிற மழை மண்ணுக்குள் இறங்காது, அப்படியே வழிந்து அடிவாரத்துக்கு வரும். பாறை மேலேயே குழிவான இடங்களில் கொஞ்சம் தங்கும், அது சுனை. மீதி வழிந்து வரத்துவாரியில் விழுந்து கண்மாய்க்குப் போகும். கண்மாய் நிரம்பினால் கலிங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். இப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக ஆயிரக்கணக்கான கண்மாய்கள் இந்த மாவட்டம் முழுக்கக் கிடக்கின்றன. எங்கள் ஊரும் அப்படி ஒரு கண்மாயின் கீழே உட்கார்ந்திருப்பதுதான். பாறை, சுனை, வரத்துவாரி, கண்மாய், மடை, வயல், பிறகு வீடு. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு இனி நான் சொல்வதைக் கேட்க வேண்டுகிறேன்.

வீட்டைச் சொல்கிறேன். அடித்தளம் செம்புராங்கல். இந்தப் பக்கத்து மண்ணைக் கொஞ்சம் தோண்டினாலே கிடைக்கிற கல் அது. வெட்டும்போது மிருதுவாக இருக்கும், வெயில் பட்டால் இறுகும். சுவர் மண் சுவர், முழங்கை அகலம். கண்மாய் வற்றிய கோடையில் கண்மாய்க்குள்ளிருந்தே மண் எடுத்து, வைக்கோல் போட்டு மிதித்து, ஒரு அடுக்கு வைத்து, அது காய்ந்த பிறகு அடுத்த அடுக்கு வைத்து எழுப்பியது. கூரைக்குப் பனங்கை, அதன் மேல் வரிச்சு, அதன் மேல் நாட்டு ஓடு. ஓடும் கண்மாய் வண்டலில் சுட்டதே. வாசலில் இரண்டு திண்ணை, உள்ளே பட்டாசாலை, நடுவே சின்ன முற்றம், பின்னால் அடுப்படி, அதற்குப் பின்னால் தொழுவம். பட்டாசாலை மூலையில் நெல் கொட்டும் குதிர். முற்றத்தில் விழுகிற மழைத்தண்ணீர் ஒரு கல் தூம்பு வழியாகக் கொல்லைக்குப் போகும். கொல்லையில் வாழை இரண்டு நிற்கும். ஒரு சொட்டை வீணாக்கிவிடக் கூடாது என்ற எண்ணம் கட்டடத்தின் உள்ளேயே இருக்கிறது.

இந்த வீட்டில் உங்களுக்கு நான் காட்ட விரும்புவது வாசற்படியை. ஒரே கருங்கல் பாளம், ஆள் நீளம். நடுப்பகுதி கால்பட்டுக் கால்பட்டு வழவழப்பாகிவிட்டது. முன்பக்க விளிம்பைக் குனிந்து பார்த்தால் வரிசையாகப் பாதிக் குழிகள் தெரியும். ஒவ்வொன்றும் இரண்டு விரல் அகலம், ஒரு விரல் ஆழம், ஒன்றுக்கொன்று சாண் இடைவெளி. குழியின் உள்ளே உளி இறங்கிய கோடுகள்கூட இன்னும் அழியாமல் இருக்கின்றன. கல் எடுக்கும்போது பாறையில் நேர்க்கோடாகக் குழி போட்டு, குழிக்குள் ஆப்பு வைத்து, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மாற்றி மாற்றிச் சம்மட்டியால் அடிப்பார்கள். பாறை அந்தக் கோட்டோடு பிளக்கும். குழியில் பாதி எடுத்த கல்லோடு வந்துவிடும், மீதிப் பாதி பாறையிலேயே தங்கிவிடும். எங்கள் வாசற்படியின் மறுபாதிக் குழிகள் எந்தப் பாறையில் இருக்கின்றனவோ எனக்குத் தெரியாது. ஆனால் நார்த்தாமலைப் பாறைச் சரிவில் நடந்து பாருங்கள். இதே அளவில், இதே இடைவெளியில் குழி வரிசைகள் தென்படும். சில வரிசைகளில் கல்லை எடுக்காமலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எந்தக் காலத்துக் கல்தச்சர் எதற்காக விட்டுப் போனாரோ!

தஞ்சாவூரில் மலை கிடையாது, வண்டல் நிலம். பெரிய கோயிலுக்கான கல் இந்தப் பக்கத்திலிருந்துதான் போயிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பலருடைய கருத்து. அந்தப் பெருமையை நாம் மேடைதோறும் சொல்லிக்கொள்கிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அந்தத் தொழில் பெருவுடையார் கோயிலுக்கு மட்டும் வேலை செய்துவிட்டு நின்றுவிடவில்லை என்பது. அதே உளி, அதே ஆப்பு, ஆயிரம் வருடம் கழித்து ஒரு சம்சாரி வீட்டுக்கு வாசற்படி வெட்டிக் கொடுத்திருக்கிறது. அரசர்கள் போய்விட்டார்கள், கைப்பழக்கம் போகவில்லை.

நார்த்தாமலைக்கே வந்துவிட்டோம். மேலமலையில் விசயாலய சோழீச்சுரம் இருக்கிறது. மேற்கு நோக்கிய கற்றளி. கருவறை உள்ளே வட்டம், வெளிச்சுற்று சதுரம். அதற்கு எதிரே பாறையில் குடைந்த இரண்டு குகைகள். ஒன்றில் பன்னிரண்டு திருமால் உருவங்கள் ஒரே அச்சில் வார்த்ததுபோல் வரிசையாக நிற்கின்றன. அழகைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் கல்வெட்டுகள் சொல்கிற குடும்பக் கதையைச் சொல்கிறேன். மற்றொரு குகைக்குப் பழியிலி ஈச்சுரம் என்று பெயர். அதைக் குடைவித்தவன் சாத்தன் பழியிலி. விடேல்விடுகு முத்தரையன் என்பவனுடைய மகன். நிருபதுங்க பல்லவனின் 7-ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஒன்பதாம் நூற்றாண்டு. அவன் குடைவித்ததோடு வேலை முடியவில்லை. அவனுடைய மகள் பழியிலி சிறியநங்கை வந்து முன்மண்டபமும் நந்தியும் பலிபீடமும் செய்வித்தாள். அப்பன் உள் அறையைக் குடைவித்தான், மகள் முன்பக்கத்தை எடுத்துக் கட்டினாள்.

எதிரே இருக்கிற கற்றளியின் கதையும் இதே மாதிரிதான். முதலில் எடுத்தவன் சாத்தன் பூதி. அது இடிமழையில் சிதைந்துபோனது. மல்லன் விடுமன் என்பவன் புதுப்பித்தான். கல்வெட்டு இரண்டு பேரையும் சொல்கிறது, மழையையும் சொல்கிறது. எனக்கு இந்தக் கல்வெட்டின் மேல் தனி மரியாதை. திருப்பணி செய்தவன், தனக்கு முன்னால் கட்டியவனுடைய பெயரை அழிக்காமல் முதலில் சொல்லிவிட்டு அப்புறம் தன் பெயரைச் சொல்கிறான்.

வீடு வளர்வதும் இப்படித்தானே? எங்கள் அய்யா கட்டியது பட்டாசாலையும் ஓர் அறையும்தான். முற்றமும் அடுப்படியும் அப்பா காலத்தில் வந்தவை. ஒரு புயல் மழையில் மேற்குச் சுவர் உட்கார்ந்துவிட, அதைச் செங்கல்லில் எடுத்துக் கட்டினார்கள். அந்தச் சுவரை மட்டும் இன்றும் எங்கள் வீட்டில் "சின்னத்தா சுவர்" என்பார்கள். என் சின்னம்மா தன் காதுத் தோட்டை அடகு வைத்து அந்தச் சுவருக்குச் செங்கல் வாங்கியிருக்கிறார். கல்லில் வெட்டாத கல்வெட்டு அது. வீட்டில் உள்ளவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிற வரைக்கும் இருக்கும்.

இனிச் சித்தன்னவாசல். புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர். அங்கே அறிவர் கோயிலை எல்லோரும் பார்க்கிறார்கள். மலையேறி ஏழடிப்பட்டத்துக்குப் போகிறவர்கள் குறைவு. பாறையில் வெட்டிய படிகளில் கால்வைத்து ஏறிப் போனால் இயற்கையான ஒரு குகைத்தளம். அதில் சமண முனிவர்களின் கற்படுக்கைகள் 17. தலை வைக்கும் பக்கம் கொஞ்சம் உயர்த்தி, வழவழவென்று தேய்த்திருக்கிறார்கள். ஒரு படுக்கையின் ஓரத்தில் தமிழி எழுத்தில் கல்வெட்டு, கி.மு. முதல் நூற்றாண்டு வாக்கினது என்று ஐராவதம் மகாதேவன் கணித்தார். எருமை நாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி என்பவருக்காகச் சிறுபோசில் இளையர் என்பவர் செய்து கொடுத்த இருக்கை என்பது அதன் செய்தி. அதே குகையில் எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டு எழுத்திலும் திருநீலன், திருப்பூரணன் என்று பெயர்கள் இருக்கின்றன. அதாவது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் அந்தத் தளத்தில் மனிதர்கள் வந்து தங்கியிருக்கிறார்கள்.

ஏன் அங்கே? அமைதிக்காக என்று பாடப்புத்தகம் சொல்லும். அமைதி எத்தனையோ மலையில் கிடைக்கும். தண்ணீர் கிடைக்க வேண்டுமே. அந்த மலையில் சுனைகள் இருக்கின்றன. நவச்சுனை என்று ஒன்று. அதன் அடியில் சிவலிங்கம் உள்ள சிறு குடைவரை தண்ணீரில் மூழ்கிக் கிடக்கிறது. கீழே ஊர் இருந்தது. மலையைச் சுற்றிப் பெருங்கற்கால ஈமக்கல் வட்டங்கள் இருப்பதைப் பார்த்தால், முனிவர்கள் வருவதற்கு முன்பே குடிகள் இருந்தார்கள் என்பது தெரிகிறது. முனிவர் மேலே, குடி கீழே. சுனை அவர்களுக்கு, கண்மாய் இவர்களுக்கு. மேலே படுக்கை வெட்டிக் கொடுக்கவும் உணவு கொண்டுபோய்க் கொடுக்கவும் கீழே விளைச்சல் இருந்திருக்க வேண்டும்.

இப்போது அறிவர் கோயிலின் விதானத்துக்கு வாருங்கள். பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. மேலே அண்ணாந்து பார்த்தால் ஒரு தாமரைக் குளம். மீன், வாத்து, எருமை, யானை, பூப்பறிக்கும் ஆடவர் மூவர். சமண சாத்திரப்படி இது தீர்த்தங்கரரின் உபதேச மண்டபத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில் ஒன்று, பூப்பறிப்பவர்கள் பவ்வியர்கள் என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். அந்த விளக்கம் சரியே. ஆனால் அந்த ஓவியன் எருமையை எங்கே பார்த்தான்? தண்ணீருக்குள் உடம்பை அமிழ்த்தி முதுகையும் கொம்பையும் மட்டும் காட்டும் எருமையைச் சாத்திரத்தில் படித்துவிட்டு வரைய முடியாது. வேலை செய்த நாட்களில் மாலை நேரம் கீழே இறங்கி, கண்மாயில் கைகால் கழுவியபோது பார்த்த எருமை அது என்றே நான் நம்புகிறேன். சாத்திரம் குளத்தைச் சொன்னது. எங்கள் பக்கத்துக் கண்மாய் எருமையைக் கொடுத்தது. இந்த ஓவியத்தை டில்லியிலிருந்து வருகிறவர் பார்ப்பதற்கும், விடிகாலையில் எருமையைக் கண்மாய்க்கு ஓட்டிப்போய்ப் பழகிய ஒரு பையன் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அந்தப் பையனை நாம் அழைத்துப்போய்க் காட்டுகிறோமா என்பதுதான் கேள்வி.

கண்மாய் என்றவுடன் குமிழியைச் சொல்லாமல் நகர முடியாது. இந்த மாவட்டத்தின் தலைசிறந்த சின்னம் எது என்று என்னைக் கேட்டால், ஓவியத்தையும் சொல்ல மாட்டேன், கோட்டையையும் சொல்ல மாட்டேன். குமிழித் தூம்பு என்று சொல்வேன். கரையிலிருந்து சற்றுத் தள்ளி, கண்மாயின் உள்ளே, இரண்டு கல் தூண்கள் எதிரும் புதிருமாக நிற்கும். அவற்றைக் குறுக்குக் கற்கள் பிணைத்திருக்கும். அடியில், கண்மாய்த் தரையில், ஒரு கல் தொட்டி. தொட்டியின் மேல் மூடுகல்லில் வட்டமான துளை. அதை அடைக்க ஒரு அடைப்பு. அதோடு பிணைத்த கழி குறுக்குக் கற்களின் துளை வழியாக மேலே வரும். நீர் பாய்ச்சுகிறவர் நீந்திப் போய்த் தூணைப் பிடித்து ஏறி, கழியைத் தூக்கினால், மேல்துளை வழியாகத் தெளிந்த தண்ணீர் இறங்கி, கரைக்கு அடியில் ஓடும் சுருங்கை வழியாக வயலுக்குப் போகும். தரைமட்டத்தில் இருக்கிற சின்னத் துளைகள் வழியாகச் சேறும் கொஞ்சம் இழுபட்டுப் போகும். அதனால் தொட்டியைச் சுற்றி வண்டல் மேடிடுவது குறையும், வயலுக்கும் எரு சேரும். கரையைத் திறந்து தண்ணீர் விட்டால் கரை உடையும் என்பதால், கரைக்கு வெகு உள்ளே வாயை வைத்த அறிவு அது. இந்த அறிவுக்குக் குறைந்தது ஆயிரம் வயது. முத்தரையர் காலத்திலும் கொடும்பாளூர் இருக்குவேளிர் காலத்திலும் குமிழி வைத்தவர்களின் பெயர்கள் இந்தத் தூண்களிலேயே வெட்டப்பட்டிருக்கின்றன.

எங்கள் கண்மாயில் அப்படி ஒரு சோடித் தூண் நிற்கிறது. எழுத்து இல்லை. ஆனால் ஊருக்கு அதுதான் பஞ்சாங்கம். தண்ணீர் மேல் குறுக்குக்கல்லைத் தொட்டால் முழு ஆயக்கட்டுக்கும் நடவு, கீழ்க்கல்லோடு நின்றுவிட்டால் தலைமடைக்கு மட்டும் நெல், கடைமடைக்குக் கேழ்வரகோ உளுந்தோ. கார்த்திகையில் எங்கள் அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, கண்மாய்ப் பக்கமிருந்து வருகிற யாரைப் பார்த்தாலும் கேட்பார்: "ஏப்பா, மேக்கல்லுத் தொட்டுருச்சா?" வருகிறவர், "இன்னும் ஒரு சாண் இருக்கு ஆத்தா" என்றால் அப்பத்தா முகம் சுருங்கும். குதிரில் எவ்வளவு நெல் விழும், எந்தப் பேத்திக்கு இந்த வருடம் கல்யாணம் பேசலாம் என்பதெல்லாம் அந்த ஒரு சாணில் இருந்தது. ஆயிரம் வருடத்துக்கு முன் நட்ட கல்லை ஒரு கிழவி தன் வீட்டு அளவுகோலாக வைத்திருந்தார். அருங்காட்சியகத்தில் வைத்தால் அதற்கு இந்த உயிர் இருக்குமா?

கொடும்பாளூருக்கு மூவர் கோயிலைப் பார்க்கப் போகிறோம். இருக்குவேளிர் மரபில் வந்த பூதி விக்கிரமகேசரி, தன் பெயராலும், கற்றளி, வரகுணை என்ற தன் தேவியர் இருவர் பெயராலும் எடுத்த மூன்று கோயில்களில் இரண்டு மிஞ்சியிருக்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம்தான் கிடக்கிறது. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு இன்னொன்றையும் சொல்கிறது. மதுரையிலிருந்து வந்த மல்லிகார்ச்சுனர் என்ற காளாமுகத் துறவிக்கு ஒரு பெரிய மடத்தையும், ஐம்பது துறவிகளுக்கு உணவளிக்கப் பதினோரு ஊர்களையும் அவன் கொடுத்திருக்கிறான். பதினோரு ஊர்! கோயிலுக்கு முன்னால் நின்று படம் எடுக்கும்போது அந்தப் பதினோரு ஊர்க் கண்மாய்களையும் நாம் மறந்துவிடுகிறோம். துறவிகள் உண்ட சோறு அங்கேதான் விளைந்தது.

சிலப்பதிகாரத்திலும் கொடும்பாளூர் வருகிறது. மதுரைக்குப் போகும் கோவலனுக்கு மாங்காட்டு மறையவன் வழி சொல்கிறான். மூன்று பாதைகள் பிரியும் இடத்துக்கு அவன் சொல்லும் அடையாளம் கோட்டையோ அரண்மனையோ இல்லை, கொடும்பையின் குளம். வழிப்போக்கனுக்கு நம் ஊரின் முகவரி அன்றைக்கே ஒரு நீர்நிலைதான்.

குடுமியான்மலையைப் பற்றியும் திருமயத்தைப் பற்றியும் அதிகம் பேச இன்று நேரமில்லை. குடுமியான்மலையில் உள்ள இசைக் கல்வெட்டை எல்லோரும் அறிவீர்கள். ஏழாம் நூற்றாண்டுக் கிரந்த எழுத்து. உருத்திராசாரியரின் மாணவனான ஓர் அரசன், பயிலும் மாணவர்களுக்காகச் சுரங்களை வெட்டி வைத்தது. அவன் மகேந்திரவர்மன்தானா என்ற விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. திருமயத்தில் 1687-இல் கிழவன் சேதுபதி கோட்டை கட்டினார். அதே குன்றில் சிவனுக்கும் திருமாலுக்கும் அடுத்தடுத்துக் குடைவரைகள். இரண்டு கோயில்களுக்கும் நடுவில் நெடுங்காலம் இருந்த வழக்கை 1245-இல் போசளத் தளபதி அப்பண்ணன் முன்னிலையில் தீர்த்துவைத்ததும் கல்வெட்டில் இருக்கிறது. கோட்டையைக் காண வருகிறவர்கள் அதையும் காண வேண்டும்.

இவற்றையெல்லாம் நம் கைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்களை நன்றியோடு சொல்ல வேண்டும். புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்தபோது, 1910-இலேயே அருங்காட்சியகம் வைத்தார்கள். 1929-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளைக் காலவரிசைப்படி அச்சிட்டார்கள். 1948 மார்ச் 3-இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைவதற்குள் இவ்வளவு வேலை நடந்துவிட்டது. அன்று அவர்கள் ஊர் ஊராக மாட்டு வண்டியில் போய்ப் படியெடுக்காமல் இருந்திருந்தால், இன்று நான் சொன்ன பெயர்களில் பாதி நமக்குத் தெரிந்திருக்காது.

இனி, கவலையைச் சொல்கிறேன். பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குச் சட்டம் இருக்கிறது. 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் 2010-இல் அதற்கு வந்த திருத்தமும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டடம் கூடாது என்கின்றன, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்கின்றன. நல்ல சட்டம். ஆனால் தண்ணீர் 300 மீட்டரோடு நின்றுவிடுவதில்லை. ஒரு பாறையின் வரத்துவாரி இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடித்தான் கண்மாய்க்குப் போகிறது. நடுவில் கல்குவாரி வந்து பாறையைத் தின்றால், தைலமரக் காட்டுக்கு வெட்டிய வரப்பு மழைநீரை மறித்தால், வரத்துவாரியைத் தூர்த்து மனை போட்டால், ஓவியம் அப்படியே இருக்கும். அந்த ஓவியத்தில் உள்ள குளம் கீழே வற்றிப்போகும். கோயில் நிற்கும், அந்தக் கோயிலுக்குச் சோறு போட்ட ஊர் காலியாகும். எங்கள் கண்மாயில் தண்ணீர் மேல்கல்லைத் தொடுவது அரிதாகிவிட்டது. கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் நிற்கிறது.

வீட்டுக்கு எந்தச் சட்டமும் இல்லை. சிங்கப்பூரிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் பணம் அனுப்புகிறார்கள். ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டுகிறார்கள். அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஆண்டுதோறும் ஓடு பிரித்து மேய்வதற்கு ஆள் கிடைப்பதில்லை. மழைக்காலத்தில் ஒழுகும், சுவரில் கரையான் ஏறும், பாம்பு வரும். பழமையின் அழகை நாம் ரசிப்பதற்காக ஒரு குடும்பம் ஒழுகும் கூரைக்குக் கீழே இருக்க வேண்டும் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. என் வருத்தம் வேறு. இடிக்கும்போது ஒரு குறிப்புகூட எடுக்காமல் இடித்துவிடுகிறோம். தூண்கள் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போகின்றன, நிலைக்கதவும் போகிறது, படிக்கல் உடைந்து அடித்தளத்துக்குள் போகிறது. நம் பக்கத்தில் துவைகல்லாகவும் வாசற்படியாகவும் கிடந்த கல்லைப் புரட்டிப் பார்த்தபோது எழுத்து இருந்த அனுபவம் கல்வெட்டுத் தேடுகிறவர்கள் பலருக்கும் உண்டு. புரட்டிப் பார்க்காமலே புதைத்தவை எத்தனையோ!

ஆகவே உங்களிடம் கேட்பது மிகச் சிறிய வேலை. ஒரு வீட்டை இடிப்பதற்கு முதல் நாள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு போங்கள். அளவுநாடா, வரைதாள், கைப்பேசி போதும். அறைகளின் நீள அகலம், சுவரின் கனம், கூரை மரம் என்ன மரம், கல் எந்தப் பாறைக் கல் என்று கேட்டு எழுதுங்கள். எந்தச் சுவரை யார் எப்போது கட்டினார் என்று அந்த வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்கிற வார்த்தையிலேயே எழுதுங்கள். படிக்கல்லையும் துவைகல்லையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எழுத்து இருந்தால் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் சொல்லுங்கள்.

கண்மாய்க்கும் இதே வேலைதான். தூர்வாரும் பணி நடக்கும்போது பொக்லைன் ஓட்டுபவருக்குக் குமிழித் தூண் ஒரு இடைஞ்சல் கல்லாகத்தான் தெரியும். வாளியால் தட்டிச் சாய்த்துக் கரையோரம் போட்டுவிடுவார். அவர்மேல் தப்பில்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை. வேலை தொடங்குகிற அன்று காலையில் ஊர்ப் பெரியவர் ஒருவர் கரையில் நின்று, "தம்பி, அந்த ரெண்டு கல்லைச் சுத்தி அஞ்சு அடி விட்டுட்டு வெட்டுப்பா" என்று சொன்னால் போதும், அவர் கேட்டுக்கொள்வார். எங்கள் ஊரில் அப்படிச் சொன்னதால்தான் எங்கள் தூண்கள் இன்னும் நிற்கின்றன.

இந்த மண்டபத்தின் வாசலுக்குப் பக்கத்து மேசையில் அன்னவாசல் வட்டாரக் கண்மாய்களின் வரைபடம் ஒன்றை விரித்து வைத்திருக்கிறேன். எங்களுக்குத் தெரிந்த குமிழிகளைச் சிவப்பு மையில் குறித்திருக்கிறோம். உங்கள் ஊர்க் கண்மாய் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். கண்மாய் இருந்து குமிழியின் குறி இல்லாவிட்டால், பக்கத்தில் நோட்டும் பேனாவும் இருக்கின்றன; ஊர்ப் பெயர், கண்மாய்ப் பெயர், தூண் நிற்கிறதா சாய்ந்து கிடக்கிறதா என்ற மூன்றையும் எழுதிவிட்டுப் போங்கள்.